வீட்டுக்குள் நிற்காத நம்பிக்கை
தலைவர்களின் சொந்த நம்பிக்கை அவர்கள் வீட்டோடு இருக்கும்வரை நமக்கென்ன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அது வீட்டோடு இருப்பதில்லையே! 1999இல் தென்னாப்பிரிக்க அதிபரான தாபோ எம்பெக்கிக்கு, எய்ட்ஸுக்குக் காரணம் எச்ஐவிதானா என்றே சந்தேகம். அவர் சந்தேகப்பட்டார், ஊருக்கு மருந்து தாமதமானது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்க உதவும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்று 2002இல் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது. அந்தத் தாமதத்தில் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்பது ஹார்வர்ட் ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர், தலைவருக்குத் தனிமனித ஒழுக்கம் இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். ஒருவர் குடிக்கிறாரா, யாரோடு சுற்றுகிறார் என்றெல்லாம் நன்றாகவே துருவுகிறோம் (அதில் ஒரு சுவாரசியமும் இருக்கிறது). ஆதாரத்தைக் காட்டினால் மனதை மாற்றிக்கொள்கிற ஆளா என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.