சுப்பு மாமாவும் சின்ன ட்யூப்பும்

(ரங்கூன். மார்கழிக் காலை. மருந்துக்கடை.)

சுப்பு: பாக்கியம், அதே ட்யூப்பு ரெண்டு குடு.

பாக்கியம்: முகத்துக்கா மாமா? மூக்கோரமும் வாயைச் சுத்தியும் ஏற்கனவே மிளகாய்ப்பழமா சிவந்து கிடக்கே!

சுப்பு: பனிக்காத்துல தோல் உரியுது. இதைப் போட்டா ரெண்டு நாள் பளபளங்குது. விட்டா முன்னைவிட மோசம். அதான் விடாம போடுறேன்.

பாக்கியம்: வெறும் குளிர்ல காய்ஞ்சதுன்னா வேஸ்லின் போதும். இது அது இல்ல. நீங்க போடுறது ஸ்டீராய்டு. முகத்துல நாள்கணக்கா தடவினா தோல் மெலியும், வாயைச் சுத்திப் பொடிப்பொடியா கிளம்பும். உதட்டை ஒட்டி மட்டும் சிவக்காம ஒரு கோடு விட்டிருக்கு, கண்ணாடில பாருங்க.

சுப்பு: அது மீசை நிழல்.

பாக்கியம்: உங்களுக்கு ஏது மீசை?

சுப்பு: மச்சான்தான் சொன்னான், நல்ல க்ரீமுன்னு.

பாக்கியம்: மச்சான் டாக்டரா?

சுப்பு: பஸ் ஓட்டுறான். நாலு பேர் ஏறி இறங்குற இடம், நாலும் தெரியும்.

பாக்கியம்: அவருக்கு முகம் எப்படி இருக்கு?

சுப்பு: ரெண்டு ட்யூப்புல ஒண்ணு அவனுக்குத்தான்.

பாக்கியம்: விளங்கிடும். முதல்ல நிறுத்துங்க. கொஞ்ச நாளைக்கு வாய்ப்பக்கம் ஒண்ணும் கொண்டுபோகக் கூடாது.

சுப்பு: ஒண்ணுமா? எத்தனை நாளைக்கு?

பாக்கியம்: சில வாரம் ஆகும். ஆரம்பத்துல எரியும், இன்னும் சிவக்கும். பயந்துடாதீங்க.

சுப்பு: வாரக்கணக்குல பட்டினி போட்டா எரியாம குளிருமா? கஞ்சியாவது குடிக்கலாமா?

பாக்கியம்: ஐயோ, பூசுறதைச் சொன்னேன் மாமா! சோறு தாராளமா தின்னுங்க. சோப்பு, வாசனைக் க்ரீம் வேணாம். வெதுவெதுப்பான தண்ணில கழுவி, துண்டால ஒத்தி எடுங்க. அவ்வளவுதான்.

சுப்பு: தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசலாமா? உங்க அத்தை கல்லுல அரைச்சு வெச்சிருக்கா.

பாக்கியம்: முகம் ஆறட்டும். பூசினது காயக் காயத் தோலை இழுக்கும்.

சுப்பு: குன்யா, அதான் பர்மா வெத்தலை, போடலாமா?

பாக்கியம்: அந்தச் சுண்ணாம்புதான் வாயோரம் வடியுதே! அதை நாக்கால வேற நக்கிக்கிட்டே இருக்கீங்க. எச்சில் காயும்போது தோல்ல இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்.

சுப்பு: குன்யாவைக் குத்தம் சொல்லாதே. மச்சான் ஒரு நாளைக்கு...

பாக்கியம்: மச்சானை விடுங்க!

சுப்பு: ஆகாத சரக்குன்னா அலமாரியில எதுக்கு அடுக்கியிருக்கு? போன தடவை உங்க முதலாளி டாக்டர் சீட்டுகூடக் கேக்கலியே.

பாக்கியம்: கேட்டா வியாபாரம் ஆகுமா? தோல் வியாதின்னு யாரு வந்தாலும் அவர் கை அந்தத் தட்டுக்குத்தான் போகும். படைக்கும் இதுதான், பருவுக்கும் இதுதான், நிறம் கூடவும் இதுதான். அவர் டீக்கடைக்குப் போனதாலதான் நான் இவ்வளவு பேசுறேன். தோல் டாக்டரைப் பாருங்க மாமா, சிலருக்கு மாத்திரை போட்டாத்தான் அடங்கும்.

சுப்பு: டீக்கடைக்கா போயிருக்கார்?

பாக்கியம்: ஆமா.

சுப்பு: அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு. அவர் வர்ற வரைக்கும் உட்கார்றேன்.