தகடு மட்டும் போதாது
“கூரையில் சூரியத் தகடு பூட்டிவிட்டால் மின்வெட்டுக் கவலையே இல்லை” என்று பலர் நினைப்பது தவறு. இதை நம்பி எவரும் கடன் வாங்கிவிடக் கூடாது. 2025 பெப்ரவரி 9 முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு மோதி இலங்கை முழுவதும் இருண்டபோது, கொழும்பு வெள்ளவத்தையில் உச்சி வெயில் கொளுத்தியும் எங்கள் கூரைத் தகடுகள் ஒரு மின்விசிறியைக்கூடச் சுழற்றவில்லை. பழுது அல்ல, அமைப்பே அப்படித்தான். வலையமைப்பில், அதாவது நாட்டின் பொது மின்கம்பிகளில், மின்சாரம் நின்றதும் சாதாரண இன்வேர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் தகட்டின் மின்சாரம் வெளியே பாய்ந்து, கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியும், வலையமைப்பிலிருந்து வீட்டைத் துண்டித்துத் தனியே இயங்கவல்ல இன்வேர்ட்டரும் அவசியம். மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச மின்பாவனைக்கும் பற்றரிச் சேமிப்புத்தான் வழி. வாங்குமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.