கோ-லீடர் பதவி பரிசு அல்ல

க்ளாஷ் ஆஃப் கிளான்ஸ் மொபைல் விளையாட்டில் எங்கள் கிளானில், அதாவது எங்கள் குழுவில், மறுபடியும் அதே சண்டை. "மாதா மாதம் டொனேஷனில் நான்தான் முதல், எனக்கு ஏன் கோ-லீடர் தரவில்லை?" என்று முக்கூடல் தம்பி லீடரான என்னிடம் கோபித்துக்கொண்டு இரண்டு நாளாகப் பேசவில்லை. கிளான் ஆட்களுக்குப் படை கொடுத்து உதவும் அந்த டொனேஷனுக்கு நன்றி உண்டு. பதவி கிடையாது.

இதை ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். உறுப்பினர், எல்டர், கோ-லீடர், லீடர் என்று நான்கு படி. கோ-லீடர் ஆகிவிட்டால் வாரை, அதாவது இன்னொரு கிளானுடன் மோதும் போரை, தொடங்கலாம், எல்டர் வரைக்கும் யாரையும் வெளியேற்றலாம். "வாரை மட்டும் பார், ஆள் மேல் கை வைக்காதே" என்று பிரித்துக் கொடுக்க விளையாட்டில் வழியில்லை. அந்தப் பயத்தில்தான் பல லீடர்கள் எல்லாவற்றையும் தாங்களே பிடித்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். லீடர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் போதும், கிளான் முடங்கிவிடும்.

இன்னொரு வகை லீடர்களும் உண்டு. வேலையை எல்லாருக்கும் பங்கு வைப்பார்கள், முடிவை மட்டும் விடமாட்டார்கள். எனக்கு இவர்கள் மேல்தான் அதிகக் கோபம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரிடம் போய், "எங்களைக் கேட்டுவிட்டுப் போடு" என்று வடம் பிடிக்கிற யாராவது சொல்வார்களா?

எங்களிடம் வார் நேரம் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பொறுப்பு. ஞாயிறு மதியம் தொடங்கலாம் என்றேன். முடியாது என்றுவிட்டார். அவர் கணக்கு இது: ஆயத்தத்துக்கு 23 மணி நேரம், போருக்கு 24 மணி நேரம். கடையை அடைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்குத் தொடங்கினால் மறுநாள் இரவு எட்டரை வாக்கில் போர் திறக்கும், அதற்கடுத்த நாள் இரவு எட்டரைக்கு முடியும். கடைசி ஒரு மணி நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். போர் முடியும்போது துபாயில் மணி ஏழு, அங்கே இருக்கும் நம் ஆட்களும் வேலை முடித்திருப்பார்கள். அவர் சொன்னதே நடக்கிறது.

ஆள் தேர்வு வள்ளியூரில் கல்லூரியில் படிக்கும் தங்கையிடம். வாரில் ஒருவருக்கு இரண்டு தாக்குதல். அடுத்தடுத்து இரண்டு வாரில் பாக்கி வைத்தவரை அடுத்ததில் உட்கார வைத்துவிடுவாள். போன மாதம் அப்படி உட்கார்ந்தவன் என் சித்தி மகன். சித்தியே போன் செய்து, "தம்பியை ஏன்டா விட்டுவிட்டாய்?" என்று கேட்டார். நானாக விடவில்லை, சேர்க்கவும் என்னால் ஆகாது என்றேன். இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. சித்திக்கு விளையாட்டும் புரியவில்லை, என் பதவியும் புரியவில்லை.

ஆளை வெளியேற்ற மட்டும் இரண்டு கோ-லீடர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். இது நாங்களாகப் போட்டுக்கொண்ட ஏற்பாடு, விளையாட்டு இதைக் கட்டாயப்படுத்தாது. ஒருநாள் ராத்திரி ஒருவர் கோபத்தில் கிளானையே காலி செய்துவிட்டால்? செய்யலாம்தான். மறுபடி அழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒற்றை ஆளாக எல்லாம் பார்த்துச் சலித்துப்போன லீடரின் கிளானுக்கு அந்த வழியும் இல்லை.

முக்கூடல் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: புதிதாக வருகிறவர்களுக்கு பேஸ், அதாவது தாக்குதலைத் தாங்கும்படி தங்கள் கிராமத்தை, அமைக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை காலியாக இருக்கிறது. எடுத்துக்கொள், பதவியும் கூடவே வரும். இன்னும் பதில் இல்லை.

இந்த மாத லீக்கில், அதாவது கிளான்களுக்கு இடையிலான தொடர் போட்டியில், சிலருக்கு மட்டும் கூடுதலாகத் தரும் போனஸ் பதக்கங்கள் யாருக்கு என்பதை அண்ணாச்சியும் தங்கையும் முடிவு செய்வார்கள். கடைசி நாள் தாக்குதலில் மூன்றுக்கு ஒரே நட்சத்திரம் எடுத்த என் பெயர் அதில் இருக்காது என்று கேள்வி. பட்டியலை மாற்றச் சொல்லி எனக்குத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். அனுப்பினால் அப்படியே அண்ணாச்சிக்குத் தள்ளிவிடுவேன்.