எந்த வரியில்?

ரொம்ப நாள் முன்பு ஒரு சிறுகதையைப் பற்றி நீளமாக எழுதினேன். 'மனதைப் பிசைந்துவிட்டது', 'கனமான கதை', 'ஆசிரியருக்கு வாழ்த்துகள்' எல்லாம் இருந்தது. நடுவில் முழுக் கதையையும் ஒப்பித்திருந்தேன். படித்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த வரியில் பிசைந்தது?"

புத்தகத்தை மறுபடி எடுத்துத் தேடினேன். சொல்லத் தெரியவில்லை. கதையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1927-இல் எழுதிய 'வெள்ளை யானைகள் போன்ற குன்றுகள்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையம். பார்சிலோனாவிலிருந்து வண்டி வர இன்னும் 40 நிமிடம். ஓர் அமெரிக்கனும் ஒரு பெண்ணும் பீர் குடித்தபடி பேசுகிறார்கள். ரொம்பச் சாதாரண ஆபரேஷன்தான் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கருக்கலைப்பு என்ற சொல் கதையில் எங்குமே கிடையாது. முதல் தடவை எனக்கு அது பிடிபடவே இல்லை. ரெண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், இதில் கதை எங்கே என்று மூடிவைத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் திரும்பப் படித்தேன். ஓரிடத்தில், பேச்சை நிறுத்துகிறாயா என்று அவள் அவனிடம் கேட்கிறாள். அந்த ஒரே வாக்கியத்தில் 'ப்ளீஸ்' 7 தடவை வருகிறது. விரல்விட்டு எண்ணினேன். ஒன்றோ இரண்டோ என்றால் கெஞ்சல். ஏழு என்றால்? அடுத்து, கத்திவிடுவேன் என்கிறாள். அவள் மனம் என்ன பாடுபடுகிறது என்று ஹெமிங்வே அங்கே எதுவும் விளக்கவில்லை. எண்ணிக்கையே போதும் என்று விட்டுவிட்டார். (மொழிபெயர்ப்பவர் 'தயவுசெய்து' என்று ஒரு தடவை போட்டு நகர்ந்தால் கதை போச்சு.)

இந்தக் கதையைப் பற்றி எழுதுகிறவர் அந்த ஏழிலிருந்து தொடங்கலாம். கதைச்சுருக்கத்துக்கு மூன்று வரி தாராளம். அதற்கு மேல் போனால், சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். திட்டுவதற்கும் இதே கணக்குதான். 'செயற்கையாக இருக்கிறது' என்றால் எந்த இடத்தில் என்று காட்டுங்கள்.

ஒரே அமர்வில் படித்து முடிக்கும் அளவில் கதை இருந்தால்தான் அதன் விளைவு சிதறாமல் வந்து சேரும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல், சக எழுத்தாளர் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் வாதிட்டார். சரி. ஆனால் ஒரே அமர்வு என்பதை ஒரே தடவை என்று நாம் ஆக்கிக்கொண்டோம். முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் சிறுகதையில் இருக்கிற பெரிய வசதி. நாவலில் யாருக்கு அந்தப் பொறுமை?

இரண்டாம் வாசிப்பில் எனக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்ததிலிருந்து படிப்பேன். ஒன்றுமே குறையவில்லை என்றால் ஆசிரியர் மேல் சந்தேகம் வரும். ஏதோ குறைந்தால், அது என்ன என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். என் பதிவுகளில் பாதி அந்தக் குறிப்பிலிருந்து பிறந்தவைதான்.

நண்பர் கேட்ட அந்தப் பழைய கதையைப் போன மாதம் மறுபடி எடுத்தேன். வரி கிடைத்துவிட்டது. கடைசிக்கு முந்தைய பத்தியில், அப்பா இருட்டில் செருப்பைக் காலால் துழாவும் இடம். படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். "எனக்கு அங்கே இல்லையே" என்று பதில் வந்தது. மூன்று நாளாகச் சண்டை போய்க்கொண்டிருக்கிறது.