ஒளிர்ந்தால் மட்டும் போதுமா?
கற்பனை உலகம் படைத்துக் கதை எழுதுபவர்களுக்கு யோசனை சொல்லும் ஒரு கட்டுரை, அந்த உலகத்தின் அரிய தாது இருட்டில் ஒளிர வேண்டும், மந்திரம் தாங்க வேண்டும் என்று அடுக்குகிறது. சரி, அதைத் தோண்டியவன் என்ன நினைத்தான்? பிளாட்டினத்தையே எடுங்கள். கொலம்பியாவின் சோகோ பகுதி ஆறுகளில் தங்கம் அரித்தவர்களுக்கு அது வெறும் தொல்லை. தங்கத்தை விடக் கனம் என்பதால் அரித்தாலும் அடியிலேயே தங்கிவிடும். உருக 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும். அன்றைய உலைகளுக்கு மசியவே இல்லை. அப்புறம் தங்கத்தில் அதைக் கலந்து ஏமாற்றத் தொடங்கினார்கள். எடை போட்டால் தெரியாதே! 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஆட்சி செய்த ஸ்பானிய அதிகாரிகள் அதை ஆற்றில் கொட்டச் சொன்னார்கள். உங்கள் தாதுவுக்கும் ஒரு கலப்படக்காரனைக் கொடுங்கள், அது கொட்டப்பட்ட ஆற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். பேரன்கள் காலத்தில் அந்த ஆற்றுமணலுக்கு ரெண்டு ஊர் அடித்துக்கொள்ளட்டும்.