டிக்கெட் இல்லை, ஆனாலும் சனிக்கிழமை போகிறோம்

வரும் திங்கட்கிழமை, 2025 ஜனவரி 20, அட்லாண்டா மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) தேசிய சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ஒஹையோ ஸ்டேட், நோட்டர் டேம் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள் மோதுகின்றன. நான் எம்.எஸ். படித்தது கொலம்பஸில், ஒஹையோ ஸ்டேட்டில். இப்போது இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, மார்ட்டா என்கிற நகர ரயிலில் ஏறினால் ஸ்டேடியத்து வாசலில் போய் இறங்கிவிடலாம். ஆனாலும் டிக்கெட் வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. மறுவிற்பனையில் மேல்தட்டுக் கடைசி வரிசைக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள், நாங்கள் நாலு பேர், அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று விட்டாச்சு. வீட்டில் இந்த வாரம் முழுக்க ஓடுவது வேறு பேச்சு. ஆட்டத்துக்கு முந்தின சனி, ஞாயிறில் ஊருக்குள் நடக்கிற ரசிகர் கொண்டாட்டங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதா, வேண்டாமா?

நான் போகலாம் என்கிற கட்சி. இங்கே இருக்கிற நம் ஆட்கள் பலரும் இதே யோசனையில் இருப்பது தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜார்ஜியா வேர்ல்ட் காங்கிரஸ் சென்டரில் 'பிளேஆஃப் ஃபேன் சென்ட்ரல்' என்று மூன்று நாள் நடத்துகிறார்கள். அனுமதி இலவசம். பிள்ளைகள் பந்தை எறியலாம், உதைக்கலாம், ஓடலாம், கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளலாம். இதைக் குழுவில் போட்டதும் கொலம்பஸில் என்னோடு படித்த நண்பன் உடனே எழுதினான்: "மச்சான், அது முழுக்க ஸ்பான்சர் ஸ்டால்டா. வரிசையில நின்னு, போன் நம்பரும் இமெயிலும் குடுத்துட்டு, ஒரு பிளாஸ்டிக் பையோட வீட்டுக்கு வருவே. அதுக்கு எதுக்கு ஒரு சனிக்கிழமையை வீணாக்கணும்?"

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கொலம்பஸில் ஆட்ட நாள் காலையைப் பார்த்தவனுக்கு இந்த மாதிரி ஏற்பாட்டுக் கொண்டாட்டம் சப்பென்றுதான் இருக்கும். அங்கே செயின்ட் ஜான் அரீனாவில் ஆட்டத்துக்கு முன்னால் 'ஸ்கல் செஷன்' நடக்கும். பல்கலைக்கழக பேண்டின் ஒத்திகைதான் அது, ஆனால் காசில்லாமல் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பழைய அரங்கம், தாழ்ந்த கூரை மாதிரித் தோன்றும், பித்தளைக் கருவிகள் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது உட்கார்ந்திருக்கிற பெஞ்சு அதிரும். நடுவில் வீரர்கள் கோட் சூட்டோடு வரிசையாக நடந்து வருவார்கள், ஒருவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேசுவார், அப்படியே ஸ்டேடியத்துக்கு நடந்து போவார்கள். வெளியே லேன் அவென்யூ நெடுக கறி வாட்டுகிற புகை. முன்பின் தெரியாத ஆள் "ஓ-ஹெச்" என்று கத்துவார், நாம் "ஐ-ஓ" என்று பதில் கத்த வேண்டும் (இரண்டையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் ஒஹையோ), அவ்வளவுதான் அறிமுகம், அடுத்த நிமிஷம் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிடுவார். ஆங்கிலமே தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அந்த ஊர் நம்ம ஊர் ஆனது வகுப்பறையில் இல்லை, அந்தத் தெருவில்.

அப்படி இருக்கும்போது அட்லாண்டாவில் ஸ்டால் பார்க்க ஏன் போகணும்? இங்கேதான் நான் நண்பனோடு வேறுபடுகிறேன். இறுதிப் போட்டி எந்தக் கல்லூரி ஊரிலும் நடப்பதில்லை. பல வருஷம் முன்னாலேயே ஒரு பெரிய நகரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள், அங்கே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு வைத்துக் கொண்டாடுகிற பழக்கத்துக்கு இடம் குறைவு, டிக்கெட் விலையோ மாணவர்களுக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டாது. கொலம்பஸிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வருகிற எத்தனையோ பேருக்கு ஸ்டேடியத்துக்குள் இடம் கிடையாது. அவர்கள் எல்லாம் எங்கே கூடுவார்கள்? இந்தக் கூடத்திலும் இதைச் சுற்றி இருக்கிற தெருக்களிலும்தான். ஸ்டால் யாருடையது என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை, அங்கே வருகிற ஆட்கள்தான் விஷயம். அவர்களை என் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

அதுவும் இந்த வருஷத்துக் கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. நவம்பர் 30 அன்று சொந்த மண்ணில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றோம். தோற்கவே கூடாத ஆட்டம், அந்தப் பகையாளியிடம் தொடர்ந்து நாலாவது தோல்வி. பயிற்சியாளர் ரயன் டேயை அனுப்பிவிடு என்று ஊரே கூச்சல் போட்டது. சாம்பியனை முடிவு செய்கிற பிளேஆஃப் சுற்றில் அணிகள் 4 இலிருந்து 12 ஆனது இந்த சீசனில்தான், பழைய முறையாக இருந்திருந்தால் எங்கள் கதை அத்தோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டிசம்பர் 21 அன்று உறைகிற குளிரில் கொலம்பஸிலேயே டென்னசியை 42-17, புத்தாண்டன்று ரோஸ் பவுல் என்கிற காலிறுதியில் ஓரிகானை 41-21, அப்புறம் காட்டன் பவுல் என்கிற அரையிறுதியில் டெக்ஸாஸை 28-14 என்று வென்றோம். அந்தக் கடைசி ஆட்டத்தில் எங்கள் ஜாக் சாயர் பந்தைப் பிடுங்கிக்கொண்டு 83 கெஜம் ஓடினாரே, எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் சோபாவிலிருந்து குதித்த குதியில் கீழே இருந்த தண்ணீர் சொம்பு உருண்டது.

இதே அட்லாண்டா ஸ்டேடியத்தில்தான் 2022 டிசம்பர் 31 அன்று ஜார்ஜியாவிடம் 42-41 என்று ஒரு புள்ளியில் எங்கள் ஆட்டம் போனது. நள்ளிரவு மணி புது வருஷத்தைத் தொடுகிற நேரத்தில் எங்கள் கடைசி உதை இடதுபக்கமாக விலகிப் போனது. அதை நேரில் பார்த்தவர்கள் திரும்ப இதே ஊருக்கு வருகிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கே ஒரு நடை போகலாம்.

நோட்டர் டேம் ரசிகர்களையும் விடக்கூடாது. அவர்கள் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1988 சீசனில். அவர்கள் பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமன் எங்கள் ஒஹையோ ஸ்டேட்டில் ஆடியவர், தேசிய இறுதிப் போட்டிக்கு ஓர் அணியைக் கொண்டுவந்த முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அது மார்ட்டின் லூதர் கிங் நாளன்று, கிங் பிறந்த ஊரிலேயே அமைகிறது. எதிரணி என்றாலும் அந்த மனிதரை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அவள் ஸ்டாலைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "நியூ ஆர்லியன்ஸ்ல நடந்ததுக்கு அப்புறமும் அவ்வளவு கூட்டத்துக்குள்ள பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணுமாங்க?" என்றாள். ஜனவரி 1 அதிகாலையில் பர்பன் தெருவில் ஒருவன் வண்டியைக் கூட்டத்துக்குள் ஓட்டி 14 பேரைக் கொன்றான். சுகர் பவுல் என்கிற காலிறுதிக்காக வந்திருந்த ரசிகர்கள் ஊர் முழுக்க நிறைந்திருந்த நேரம். நோட்டர் டேம், ஜார்ஜியா ஆட்டத்தையே மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். இந்தக் கேள்வியை "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பதினாலு பேரின் வீட்டிலும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இருவரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசினோம். நியூ ஆர்லியன்ஸில் அது ராத்திரி மூன்று மணிக்கு மேல், திறந்த தெரு, வண்டிகளைத் தடுக்கிற கம்பங்களை மாற்றிக்கொண்டிருந்த சமயம். நாங்கள் போவதோ பகல், கட்டடத்துக்குள், பை சோதனை தாண்டி. ரயிலில் போய் ரயிலில் வருகிறோம், தெருக்கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. அதே ஜனவரி 1 மதியம் எங்கள் ஊர் ஸ்டேடியத்தில் டெக்ஸாஸும் அரிசோனா ஸ்டேட்டும் ஆடின, காலையில் செய்தியைக் கேட்டுவிட்டு ஆயிரமாயிரம் பேர் பிள்ளைகளோடு வந்தார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நேரம், எந்த இடம் என்று பிரித்துப் பார்த்தால் பயத்துக்கும் ஓர் அளவு கிடைக்கிறது. அதனால் ராத்திரிக் கச்சேரிகள் வேண்டாம், இலவசம் என்றாலும் வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பக்கம் போகவே மாட்டோம். 2018 இல் அலபாமா, ஜார்ஜியா இறுதிப் போட்டி இங்கே நடந்தபோது ஜனாதிபதி வருகைக்கான பாதுகாப்பால் டிக்கெட் வைத்திருந்தவர்களே மழைக்குளிரில் நெடுநேரம் வெளியே நின்றார்கள். டிக்கெட் இல்லாதவன் அன்றைக்கு அங்கே போய் என்ன செய்ய? குளிரும் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். வீட்டில் நண்பர்கள் குடும்பத்தோடு டிவியில் பார்த்துக்கொள்வோம்.

ஞாயிறு பொங்கல் விழாவுக்குப் போயாக வேண்டும், மகள் கும்மியில் ஆடுகிறாள். அதனால் எங்களுக்கு வாய்த்தது சனிதான், அதுவே நல்ல நாளும்கூட. அன்றைக்கு இரு அணி வீரர்களும் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார்கள், வெளியூர்க்காரர்களும் வந்து இறங்கியிருப்பார்கள். நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம். அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் மூன்று மாடி உயரச் சுவரில் 700-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் ஹெல்மெட். உங்கள் கல்லூரியைப் பதிவு செய்தால் அந்த ஹெல்மெட் மட்டும் ஒளிரும். நோட்டர் டேமை ஒட்டிய சவுத் பெண்ட் ஊரில் முன்பு இருந்த அருங்காட்சியகம்தான் 2014 இல் இங்கே வந்தது, அவர்கள் ரசிகர்களுக்கு அதைப் பார்ப்பது எப்படி இருக்குமோ.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். காரை விட்டுவிட்டு மார்ட்டாவில் போங்கள், ஒரு வழிக்கு 2.50 டாலர்தான், ஃபைவ் பாயின்ட்ஸில் மாற வேண்டும். பெரிய பை வேண்டாம். கோப்பைப் படத்துக்கான வரிசைக்கு முதலிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நகராது. பெரியவர்கள் இருந்தால் நடை அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாங்கள் காலை பத்து மணி வாக்கில் நார்த் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் ரயில் ஏறுகிறோம். நோட்டர் டேம் சட்டை போட்டவர்களும் சேர்ந்துகொள்ளலாம், வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புளியோதரை கட்டி எடுத்து வருகிறோம்.