டோங்காக்காரன் வாடகை வீரன் இல்லை

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "காக்கா, பாத்தீங்களா" என்று ஆள் மாற்றி ஆள் அந்த வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் ரக்பி லீக் ஆட்டத்தின் 2026 உலகக் கோப்பையைப் பற்றித் தமிழில் ஒருவர் பேசுகிறாரே என்று ஆசையோடுதான் உட்கார்ந்தேன். பாதியில் அந்த வார்த்தை வந்தது. பசிபிக் தீவு நாடுகளான டோங்காவும் சமோவாவும் "வாடகை அணிகள்". ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இடம் கிடைக்காதவர்கள் போய் ஒட்டிக்கொண்ட அணிகள். அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே கமெண்டில் நம் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பிள்ளைகள் சிரித்திருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

யார் வாடகை? ஜேசன் டௌமலோலோ ஆக்லாந்தில் பிறந்தவர், நியூசிலாந்து அணிக்கே ஆடிக்கொண்டிருந்தவர். 2017 உலகக் கோப்பைக்கு அணி அறிவிக்கும் நேரத்தில், எனக்கு அந்தச் சட்டை வேண்டாம் என்று டோங்காவுக்குப் போனார். ஆண்ட்ரூ ஃபிஃபிடாவை ஆஸ்திரேலிய அணியில் அறிவித்தே விட்டார்கள். அவரும் விலகி டோங்காவுக்குப் போனார். இரண்டு பேரும் விட்டுவிட்டு வந்த ஆட்டப்பணம் பெரிது, வந்த இடத்தில் கிடைத்தது சிறிது. வாடகைக்குப் போகிறவன் கூடுதல் காசுக்குப் போவான். இவர்கள் காசை விட்டுவிட்டுப் போனவர்கள். இடம் கிடைக்காமல் போகவில்லை, கிடைத்த இடத்திலிருந்து எழுந்து போனார்கள்.

அந்த வருடம் ஹாமில்டனில், நியூசிலாந்து மண்ணிலேயே, இடைவேளையில் 16-2 என்று பின்னால் கிடந்த டோங்கா 28-22 என்று நியூசிலாந்தை ஜெயித்தது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 20-0 என்று கிடந்து, கடைசிச் சில நிமிடங்களில் மூன்று டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) வைத்து 20-18 வரை வந்து தோற்றது. 2019இல் கிரேட் பிரிட்டனை 14-6, ஆஸ்திரேலியாவை 16-12. டோங்காவின் மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். நம் ராமநாதபுரம் மாவட்டம் மட்டும் 2011 கணக்குப்படி 13 லட்சத்து 53 ஆயிரம். நம்மில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு நாடு செய்த காரியம் இது.

வாடகைக்கு ஆள் பிடித்து ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையால் முன்னே தள்ளக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கலாம். ஆறாவது மடக்கில் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் பெரும்பாலும் ஐந்து முடிந்ததும் உதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மடக்குக்கும் பிறகு விழுந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டுவான். அவனுக்கு நேரே இரண்டு பேர் வரை நிற்கலாம். தடுக்கும் அணியின் மற்ற எல்லோரும் பத்து மீட்டர் பின்னே போய் ஒரே வரிசையாக நிற்க வேண்டும். விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் எழுந்து பந்தை உருட்டுகிறானோ, அவ்வளவுக்கு அந்த வரிசை கலைந்து கிடக்கும். ஆட்டத்தின் உயிரே அந்த இரண்டு மூன்று வினாடிதான்.

அந்த வரிசை எப்படி உடையும் என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கக் கயிறு முந்திவிட்டால் வலை கோணி, மீன் அந்த வழியாகவே போய்விடும் இல்லையா? அதேதான். ஓரத்தில் நிற்கும் சென்டர் ஒருவன் மட்டும் அவசரப்பட்டு முன்னே பாய்கிறான், பக்கத்தில் இருப்பவன் பாயவில்லை என்றால், நடுவில் ஒரு சந்து விழும். சென்டர் உள்ளே ஓடிவந்தால் கோட்டோரம் விங்கர் தனியாக மாட்டுவான். கபடியில் கார்னர் காலைப் பிடித்த நேரம் கவர் வராமல் போனால் ரைடர் எப்படி இழுத்துக்கொண்டு போவானோ, அப்படி. எத்தனை பெரிய நட்சத்திரங்களைச் சேர்த்தாலும், பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்று தெரியாதவரை ஓட்டைதான்.

சமோவாவைப் பாருங்கள். 2022இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பை. ஆஸ்திரேலிய லீக்கின் இறுதி ஆட்டம் அக்டோபர் 2ஆம் தேதி. பெயர் பெற்ற சமோவா வீரர்கள் பலர் அதில் ஆடிய பென்ரித், பாரமாட்டா அணிகளில் இருந்தார்கள். ஒரு பக்கம் ஜெரோம் லுவாய், பிரையன் டோ. எதிர்ப்பக்கம் ஜூனியர் பாலோ. அதை முடித்துக்கொண்டு விமானம் ஏறி, 15ஆம் தேதியே இங்கிலாந்தோடு முதல் ஆட்டம். 60-6 என்று நொறுங்கினார்கள். ஓரங்கள் இரண்டும் திறந்து கிடந்தன. நட்சத்திரம் இல்லாமலா? பழக நாள் இல்லாமல். அதே அணி நவம்பர் 12ஆம் தேதி அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 27-26 என்று வீழ்த்தியது. முழு நேரம் முடிந்து 26-26. முதலில் புள்ளி எடுப்பவனுக்கு ஆட்டம் என்ற கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் கிரைட்டன் பந்தைத் தரையில் தட்டி உதைத்தார், டிராப் கோல், ஒரே ஒரு புள்ளி. அந்தக் கிரைட்டன் பிறந்தது ஆப்பியாவில், சமோவாவின் தலைநகரில். வளர்ந்ததுதான் சிட்னி. வாடகை என்று சொன்னவர் இதையாவது பார்த்திருக்கலாம்.

நான்கு வாரத்தில் 54 புள்ளி வித்தியாசம் எப்படி அழிந்தது? காசு கொடுத்துக் கூட்டிவந்தவன் 60-6க்கு அடுத்த நாள் காயம் என்று சொல்லி ஊருக்குப் போயிருப்பான். இவர்கள் இருந்தார்கள். இருந்து கற்றுக்கொண்டார்கள்.

"நம் ஊர்ப் போட்டிகளில் கெஸ்ட் பிளேயர் இறக்கினால் நீங்கள்தானே கத்துவீர்கள், இது மட்டும் சரியா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கத்துவேன். நாளைக்கும் கத்துவேன். பைனலுக்கு முந்தின நாள் மதுரையிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவருகிறவனுக்கு நம் ஊர்ப் பள்ளிவாசல் எந்தத் தெருவில் என்று தெரியாது. ரக்பி லீக்கில் விதி இருக்கிறது தம்பி. நீ பிறந்த நாடு, இல்லையென்றால் உன் வாப்பா உம்மா பிறந்த நாடு, இல்லையென்றால் தாத்தா பாட்டி பிறந்த நாடு. அதுவும் இல்லையென்றால் வருடக்கணக்கில் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். ஒரு போட்டித்தொடர் நடக்கும்போது நடுவில் மாற முடியாது. எந்தத் தாத்தா, எந்த ஊர் என்று காகிதம் காட்ட வேண்டும். இதில் எங்கே கெஸ்ட்?

ஸ்காட்லாந்து, இத்தாலி மாதிரி அணிகளில் பார்த்தறியாத தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை வைத்து ஆடியவர்கள் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்து யாரும் வாடகை என்று வீடியோ போடவில்லையே. தீவுக்காரன் என்றால் மட்டும் ஏன் அந்த வார்த்தை வருகிறது?

எனக்கு வலிப்பது இதுதான். ஷார்ஜாவில் பிறந்த நம் பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பெரியபட்டினம் என்பான். அங்கே அவன் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. லீவுக்கு வருகிறான், கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அவன் சாச்சா மாமா வருகிறார்கள், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எல்லோரும் ஒன்றாகப் போகிறார்கள். கடற்கரையில் வலை இழுத்தால் அவனும் கயிற்றைப் பிடிக்கிறான். கை சிவந்து தோல் உரிந்தாலும் விடமாட்டான். அவனை வாடகைக்காரன் என்று எவனாவது சொல்லட்டும், அன்று தெரு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். டோங்காவும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரிகிற நாடுதான். நாட்டின் வருமானத்தில் பங்காகப் பார்த்தால், உலகத்திலேயே அப்படிப் பணம் வருவதில் முன்வரிசையில் இருக்கிற நாடு. நம் வீட்டுக் கதைதான் அது, மொழி மட்டும் வேறு.

இந்தத் தீவு வீரர்களின் குடும்பங்கள் எப்படி ஆக்லாந்து போயின என்று தெரியுமா? ஃபேக்டரிக்கு ஆள் வேண்டும் என்று நியூசிலாந்துதான் அழைத்தது. வேலை குறைந்ததும், 1974 முதல் 1976 வரை, விடியும் முன்னே போலீஸ் வந்து தீவுக்காரர்களின் கதவைத் தட்டியது. விசா முடிந்தும் தங்கியிருந்தவர்களில் பிரிட்டன்காரரும் அமெரிக்கரும் நிறைய. தட்டியது இவர்கள் கதவை. தெருவில் நடந்தவனைக்கூட நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். 2021 ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் பிரதமர் ஜெசிண்டா ஆர்டன் மன்னிப்புக் கேட்டார். உன் நாட்டுக்குப் போ என்று விரட்டப்பட்டவர்களின் மகன்களும் பேரன்களும்தான் இன்று அந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே இருந்தால் வெளியே போ. ஊருக்குப் போனால் நீ வாடகை. அப்புறம் அவன் எங்கேதான் நிற்பான்?

"இந்தியாவில் இப்படி விடுவார்களா" என்றும் ஒருவர். விடமாட்டார்கள். 2008 முதல் இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்திய அணிக்கு ஆட முடியாது. தொண்டியில் பிறந்தவரின் பேரன் மலேசியக் குடிமகனாக இருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் இந்தியச் சட்டை அவனுக்கு இல்லை. அது சரியா தப்பா என்று இன்னொரு நாள் பேசலாம். நமக்குப் பூட்டியிருக்கிற கதவு வேறு ஒருவனுக்குத் திறந்திருக்கிறது என்பதற்காக அவனைத் திட்டாதீர்கள். டோங்கா அணிக்கு "மாடே மா டோங்கா" என்று பெயர். டோங்காவுக்காகச் சாவோம் என்று அர்த்தம். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்குகிறவனை வாடகை என்றால் அவன் பாட்டிக்கு எப்படி இருக்கும்?

அந்தச் சேனல் நடத்துகிற தம்பிக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். புள்ளிக் கணக்கு, அணிப் பட்டியல் எல்லாம் நன்றாகத்தான் தொகுத்திருக்கிறீர்கள். வீடியோவில் வரும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். சிரித்த பிள்ளைகளே, நீங்கள் இன்று ராத்திரி வாப்பாவுக்கு வீடியோ கால் போடுவீர்கள்தானே? அவர் எந்த ஊர்க்காரர் என்று அவரிடமே கேளுங்கள்.